கேள்வி – பதில்: இரண்டு சார்புகள் எப்போது ஒன்று?

அளவைக் கோட்பாட்டில் வரும் சார்பு வெளிகளைப் பிசகில்லாமல் வரையறுப்பது எப்படி என்பதைச் சுற்றியே இம்முறை பெரும்பாலான கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்த இடத்தில் ஒன்றாகச் சேர்த்துவிட்டோம். பதில்களில் எஃப், ஜி என்பவை சார்புகள். வேறு மாதிரி சொல்லாதவரை பி என்பது 1-க்குக் குறையாத எண். ‘என்’ என்ற குறியீடு 1, 2, 3 என்று வரும் இயல் எண். தொகையீடு என்றால் லெபேக் தொகையீடு.

கே: எல்-பி வெளியின் உறுப்புகள் சார்புகள் என்று ஒரு நூலில் இருக்கிறது, சமான வகுப்புகள் என்று இன்னொரு நூலில் இருக்கிறது. தேர்வில் எதை எழுதுவது?
– முதுகலைக் கணித மாணவி, திருநெல்வேலி

ப: இரண்டையும் எழுதுங்கள், வரிசை மட்டும் மாறக் கூடாது. முதலில் அளவை வெளி: ஒரு கணம், அதன் மேல் ஒரு சிக்மா இயற்கணிதம் (அளவை கொடுக்கப்படும் உட்கணங்களின் தொகுப்பு), அதன் மேல் ஓர் அளவை (நீளம், பரப்பு என்பவற்றின் பொதுவடிவம்). மூன்றில் ஒன்றை விட்டாலும் வரையறை நொண்டும். அடுத்து, சார்பின் மதிப்புகள் எங்கே விழுகின்றன என்பது: மெய்யெண்களா, கலப்பெண்களா? பிறகு, சார்பு அளவிடத்தக்கது என்ற நிபந்தனை (மெய்மதிப்புச் சார்பானால், அது எந்த எண்ணைத் தாண்டும் இடமும் அந்தச் சிக்மா இயற்கணிதத்தில் இருக்க வேண்டும்). அதன் பிறகுதான் |எஃப்|-இன் பி-ஆம் அடுக்கின் தொகையீடு முடிவுறு எண் என்ற நிபந்தனை. இதுவரை உங்கள் கையில் இருப்பது நிஜமான சார்புகளின் தொகுப்பு. அது வெக்டர் வெளி என்பதற்கு ஒரே வரி போதும்: |எஃப்+ஜி|-இன் பி-ஆம் அடுக்கு, |எஃப்|, |ஜி| இரண்டின் பி-ஆம் அடுக்குகளைக் கூட்டி 2-இன் பி-ஆம் அடுக்கால் பெருக்கியதைத் தாண்டாது.

இங்கேயே நிறுத்தினால் என்ன கெடும்? 1829-இல் டிரிஷ்லே காட்டிய சார்பை [0, 1]-இல் எடுத்துக்கொள்ளுங்கள்: விகிதமுறு எண்களில் 1, மற்ற இடங்களில் 0. விகிதமுறு எண்களை முதலாவது, இரண்டாவது என்று வரிசையில் நிறுத்தலாம். முதலாவதை 1/200 நீள இடைவெளியால் மூடுங்கள், இரண்டாவதை 1/400 நீளத்தால், மூன்றாவதை 1/800 நீளத்தால். மூடியவற்றின் மொத்த நீளம் 1/100-ஐத் தாண்டாது. தொடங்கும் நீளத்தை எவ்வளவு வேண்டுமானாலும் சுருக்கலாம் என்பதால் அந்தக் கணத்தின் அளவை பூச்சியம், சார்பின் ‘நார்மும்’ (அந்தத் தொகையீட்டின் 1/பி அடுக்கு, சார்பின் ‘நீளம்’ போன்றது) பூச்சியம். ஆனால் சார்பு பூச்சியச் சார்பு இல்லை. பூச்சியத்துக்கு மட்டுமே நார்ம் பூச்சியம் என்ற, நார்முக்கு உரிய முதல் விதியே உடைகிறது. கையில் இருப்பது அரை நார்ம்தான்.

ஆகவே கடைசிப் படி: ஏறத்தாழ எங்கும் சமமான சார்புகளை, அதாவது வேறுபடும் இடமெல்லாம் ஒரு பூச்சிய அளவைக் கணத்துக்குள் அடங்கிவிடும் சார்புகளை, ஒரே வகுப்பில் போட்டு, அந்த வகுப்புகளின் தொகுப்பை எல்-பி என்று சொல்கிறோம். இதோடு பேனாவை மூடிவிடாதீர்கள். வகுப்புகளைக் கூட்டுவதும் நார்மும் எந்தப் பிரதிநிதியை எடுத்தோம் என்பதைப் பொறுத்தவை அல்ல என்று இரண்டு வரி வேண்டும். இரண்டு பூச்சிய அளவைக் கணங்களின் சேர்ப்பும் பூச்சிய அளவைதான், அது போதும். மதிப்பெண் பறிபோவது பெரும்பாலும் இந்த இரண்டு வரி இல்லாததால்தான்.

பேச்சில் எல்லோரும் “எல்-2-இல் உள்ள சார்பு எஃப்” என்றுதான் சொல்கிறார்கள், அதில் தவறில்லை. அந்த எஃப்-ஐப் பற்றி நீங்கள் சொல்லும் ஒவ்வொன்றும், பூச்சிய அளவைக் கணத்தில் அதன் மதிப்பைக் கலைத்துப் போட்டாலும் நிற்க வேண்டும், அவ்வளவுதான். “0-விலிருந்து 1/2 வரை எஃப்-இன் தொகையீடு” நிற்கும். “1/2-இல் எஃப்-இன் மதிப்பு” நிற்காது.

கே: |எஃப்|-இன் பி-ஆம் அடுக்கின் தொகையீடு முடிவுறு என்றாலே போதாதா? ‘அளவிடத்தக்க’ என்று தனியாக ஒரு சொல் எதற்கு?
– இளங்கலை மூன்றாம் ஆண்டு மாணவர், திருச்சி

ப: |எஃப்| ஒழுங்காக இருந்தும் எஃப் ஒழுங்கற்று இருக்கலாம். 1905-இல் விட்டாலி, தேர்வு மெய்கோளின் துணையோடு, லெபேக் அளவையே கொடுக்க முடியாத ஒரு கணத்தை அமைத்துக் காட்டினார். அப்படி ஒன்றை [0, 1]-க்குள் எடுத்து, அதற்குள் எஃப்-க்கு 1 என்றும் வெளியே –1 என்றும் மதிப்பு கொடுங்கள். |எஃப்| எங்கும் 1, தொகையீடும் 1. நீங்கள் சொல்லும் நிபந்தனை பழுதின்றி நிறைவேறிவிட்டது. இப்போது எஃப்-உடன் 1 என்ற மாறிலிச் சார்பைக் கூட்டுங்கள். விட்டாலி கணத்தில் 2, வெளியே 0. இதன் தனி மதிப்புக்குத் தொகையீடே கிடையாது. உங்கள் ‘வெளியில்’ இரண்டு உறுப்புகளைக் கூட்டினால் கிடைப்பது வெளிக்கு வெளியே போய் விழுகிறது. அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் கூட்டல்கூட நடக்காது.

கே: பூச்சிய அளவைக் கணத்தில் மட்டும் மாற்றினால் அதே வகுப்பு என்கிறோம். மாற்றிய பிறகும் சார்பு அளவிடத்தக்கதாகவே இருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?
– கல்லூரி விரிவுரையாளர், மதுரை

ப: உத்தரவாதம் அளவையின் முழுமையில்தான் இருக்கிறது. பூச்சிய அளவைக் கணத்தின் ஒவ்வோர் உட்கணமும் சிக்மா இயற்கணிதத்தில் இருந்தால் அந்த அளவையை முழுமையானது என்கிறோம். லெபேக் அளவை அப்படிப்பட்டது. போரல் கணங்களோடு (திறந்த கணங்களிலிருந்து எண்ணிடத்தக்க சேர்ப்பு, நிரப்பி ஆகியவற்றால் கிடைப்பவை) மட்டும் நின்றுகொண்டால் அப்படி இல்லை.

கேன்டர் கணத்தைப் பாருங்கள். [0, 1]-இல் நடுவில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, எஞ்சிய இரண்டு துண்டுகளிலும் அதையே செய்து, இப்படியே போனால் வெட்டியெடுத்த மொத்த நீளம் 1/3 + 2/9 + 4/27 + ... = 1. எஞ்சியதன் அளவை பூச்சியம். ஆனால் எஞ்சிய புள்ளிகள் மெய்யெண்கள் எத்தனையோ அத்தனை. அவற்றின் உட்கணங்கள் அதைவிடப் பெரிய முடிவிலி. போரல் கணங்களோ மொத்தமாகவே மெய்யெண்களின் எண்ணிக்கைக்கு மேல் போகாது. ஆகவே கேன்டர் கணத்துக்குள் போரல் அல்லாத உட்கணம் இருந்தே தீரும். அதில் 1, மற்ற இடங்களில் 0 என்ற சார்பு, பூச்சியச் சார்போடு ஏறத்தாழ எங்கும் சமம். ஆனாலும் அது போரல் அளவிடத்தக்கது அல்ல.

வகுப்பில் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தேர்ந்தெடுத்ததைச் சொல்லிவிடுங்கள். ஒன்று: அளவிடத்தக்க சார்புகளை மட்டும் எடுத்து, அவற்றுக்குள் மட்டும் சமானம் பார்ப்பது. மற்றது: ஏதோ ஓர் அளவிடத்தக்க சார்போடு ஏறத்தாழ எங்கும் சமமான எதையும் அனுமதிப்பது. வகுப்புகளாக்கிய பிறகு இரண்டும் ஒரே வெளிதான், ஏனென்றால் எந்த லெபேக் அளவிடத்தக்க சார்புக்கும் ஏறத்தாழ எங்கும் சமமான போரல் சார்பு ஒன்று உண்டு. அப்படியானால் ஏன் இவ்வளவு கவலை என்றால், பெருக்கல் அளவைக்கு, அதாவது நீளங்களிலிருந்து பரப்பைக் கட்டுவதற்கு, போகும்போது இது கடிக்கும். விட்டாலி கணத்தை தளத்தில் கிடைமட்ட அச்சின் மேல் படுக்க வையுங்கள். தளத்தில் அதன் பரப்பு பூச்சியம், ஆகவே தளத்தின் லெபேக் அளவைக்கு அது பொருட்டே இல்லை. ஆனால் 0 உயரத்தில் அதை வெட்டிப் பார்த்தால் கிடைப்பது அளவையில்லாத விட்டாலி கணம். இரட்டைத் தொகையீட்டை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய உதவும் ஃபுபினி தேற்றத்தை எழுதும்போது “ஒவ்வொரு வெட்டும் அளவிடத்தக்கது” என்பதா, “ஏறத்தாழ ஒவ்வொரு வெட்டும்” என்பதா என்பது, முழுமையாக்கினீர்களா இல்லையா என்பதைப் பொறுத்தது. இரண்டு நூல்களில் தேற்றம் சற்று வேறு வேறாக இருப்பதைப் பார்த்து மாணவர்கள் குழம்புவது இதனால்தான்.

கே: சார்புக்கு முடிவிலி மதிப்பையும் அனுமதிக்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

ப: தொகையீட்டை வரையறுக்கும் கட்டத்தில் அனுமதிப்பது வசதி, வெக்டர் வெளி என்று வந்துவிட்டால் தொல்லை. ஒரு புள்ளியில் எஃப் முடிவிலி, ஜி எதிர் முடிவிலி என்றால் கூட்டலுக்கு விடை இல்லை. நல்லவேளையாக, தொகையீடு முடிவுறுவாக இருந்தால் முடிவிலி மதிப்பு வரும் இடத்தின் அளவை பூச்சியமாகத்தான் இருக்கும். அங்கே மதிப்பை 0 என்று மாற்றிக்கொண்டு, முடிவுறு மதிப்புள்ள பிரதிநிதியோடு வேலை செய்யலாம். மாற்றினோம் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

கே: பி 1-க்குக் குறையக் கூடாது என்பது ஏன்? 1/2 என்று வைத்தால் தொகையீடு வராமலா போகிறது?
– பொறியியல் மாணவர், சென்னை

ப: தொகையீடு வரும். வெக்டர் வெளியும் வரும். முக்கோணச் சமனிலி மட்டும் வராது. எஃப் என்பது [0, 1]-இன் முதல் பாதியில் 1, மறு பாதியில் 0. ஜி அதற்கு நேர்மாறு. பி = 1/2 என்றால் எஃப்-இன் தொகையீடு 1/2, அதை 1/பி அடுக்குக்கு, அதாவது வர்க்கத்துக்கு, உயர்த்தினால் 1/4. ஜி-க்கும் 1/4. எஃப்+ஜி எங்கும் 1, அதற்கு 1. கால் அடியும் கால் அடியும் சேர்ந்து ஓர் அடி ஆகிவிடுகிறது!

தப்பிக்க ஒரு வழி உண்டு: கடைசியில் அடுக்கு உயர்த்தும் படியை விட்டுவிட்டு, |எஃப் – ஜி|-இன் பி-ஆம் அடுக்கின் தொகையீட்டையே தூரம் என்று கொள்ளலாம். மேலே உள்ள கணக்கில் அது 1/2 + 1/2 = 1, சமனிலி பிழைக்கிறது. தூரம் கிடைக்கும், நார்ம் கிடைக்காது, ஏனென்றால் சார்பை 2-ஆல் பெருக்கினால் தூரம் 2 மடங்கு ஆகாது. இழப்பு சாதாரணமானதும் அல்ல. [0, 1]-இல் பி 1-க்குக் குறைந்தால், அந்த வெளியின் மேல் பூச்சியத்தைத் தவிர வேறு தொடர்ச்சியான நேரியல் சார்பியமே (ஒவ்வொரு சார்புக்கும் ஓர் எண்ணைக் கொடுக்கும் நேரியல் விதியே) இல்லை என்பதை 1940-இல் கணிதவியலாளர் டே நிறுவினார். அத்தகைய சார்பியங்களின் வெளியான இருமை வெளியை வைத்துச் செய்யும் வேலை எதுவும் அங்கே நடக்காது.

கே: பி முடிவிலி ஆகும்போது மீப்பெரு மதிப்பை எடுப்பதாகச் சொல்கிறார்கள். ஆனால் வரையறை சுற்றி வளைத்து இருக்கிறதே?
– முதுகலை மாணவர், சேலம்

ப: சுற்றி வளைக்காவிட்டால் வகுப்புக்குப் பொருந்தாது. 1/2, 1/3, 1/4 என்று ஒவ்வொரு 1/என்-இலும் மதிப்பு என், மற்ற இடங்களில் 0 என்ற சார்பைப் பாருங்கள். நேராகப் பார்த்தால் மேல்வரம்பே இல்லை. ஆனால் இது பூச்சியச் சார்பின் வகுப்பைச் சேர்ந்தது, நார்ம் 0 ஆகத்தான் இருக்க வேண்டும். ஆகவே “|எஃப்| எந்த எண்ணைத் தாண்டும் இடம் பூச்சிய அளவையோ, அத்தகைய எண்களில் மீச்சிறியது” என்று வரையறுக்கிறோம். அந்த எண்களின் மீப்பெரு கீழ்வரம்பே அந்தக் கணத்தில் சேர்ந்துவிடுமா என்று கேட்பீர்கள். சேரும். அதைவிட 1/என் கூடுதலான ஒவ்வோர் எண்ணுக்கும் கிடைக்கும் பூச்சிய அளவைக் கணங்களைச் சேர்த்தால், எண்ணிடத்தக்க சேர்ப்பு என்பதால் மறுபடியும் பூச்சிய அளவைதான்.

‘முடிவிலி’ என்ற பெயர் அலங்காரத்துக்கு வைத்ததில்லை. [0, 1]-இல் எக்ஸ் என்ற சார்பின் எல்-பி நார்மைக் கணக்கிடுங்கள்: 1/(பி+1)-இன் 1/பி அடுக்கு. பி = 10 என்றால் ஏறக்குறைய 0.79, பி = 100 என்றால் 0.95. போய்ச் சேரும் இடம் 1.

கே: எல்-2-இல் இருந்தால் எல்-1-லும் இருக்கும் என்று புள்ளியியல் வகுப்பில் சொல்கிறார்கள். கணித வகுப்பில் அப்படி இல்லை என்கிறார்கள். எது சரி?
– புள்ளியியல் மாணவி, யாழ்ப்பாணம்

ப: இரண்டும் சரி, அளவை வெளிதான் வேறு. புள்ளியியலில் மொத்த நிகழ்தகவு 1. கோஷி–ஷ்வார்ஸ் சமனிலியில் ஒரு சார்பை 1 என்று வைத்தால், எல்-1 நார்ம் என்பது எல்-2 நார்மை மொத்த அளவையின் வர்க்கமூலத்தால் பெருக்கியதைத் தாண்டாது. மொத்தம் 1 என்றால் பெருக்குவதும் 1. பரவற்படி இருந்தால் சராசரி இருக்கும் என்று உங்கள் வகுப்பில் சொல்வது இதுதான். (கோஷி பரவலுக்கு எல்-1-லேயே இடமில்லை. சராசரிக்கான தொகையீடு மடக்கையைப் போல வளர்ந்துகொண்டே போகும்.)

மொத்த அளவை முடிவிலி என்றால் அந்தப் பெருக்கும் எண்ணே முடிவிலி, சமனிலி எதுவும் சொல்லாது. 1 முதல் முடிவிலி வரை 1/எக்ஸ் என்ற சார்பை எடுங்கள். வர்க்கத்தின் தொகையீடு 1, ஆனால் சார்பின் தொகையீடு விரிந்துபோகிறது. எல்-2-இல் இருக்கிறது, எல்-1-இல் இல்லை. 0 முதல் 1 வரை 1/√எக்ஸ் எடுத்தால் தலைகீழ்: தொகையீடு 2, வர்க்கத்தின் தொகையீடு விரிகிறது. முதல் சார்பு கெட்டது வால் நீண்டதால், இரண்டாவது கெட்டது முனை உயர்ந்ததால். பி கூடக் கூட வாலுக்குத் தண்டனை குறையும், முனைக்குத் தண்டனை கூடும். தொடர்முறைகளின் வெளியில், அதாவது இயல் எண்களின் மேல் எண்ணும் அளவையில், முனை உயர இடமே இல்லை. எந்தப் புள்ளியின் அளவையும் 1-க்குக் குறையாது. அதனால் அங்கே உள்ளடக்கம் எதிர்த்திசையில் போகிறது: எல்-1-இல் உள்ள தொடர்முறை எல்-2-லும் இருக்கும். ‘எல்-2 பெரியதா, எல்-1 பெரியதா’ என்று அளவை வெளியைச் சொல்லாமல் கேட்கும் கேள்விக்கு விடை கிடையாது.

கே: “ஏறத்தாழ எங்கும் தொடர்ச்சியானது”, “தொடர்ச்சியான சார்போடு ஏறத்தாழ எங்கும் சமமானது” – இரண்டும் ஒன்றுதானே? சொல் வரிசைதானே மாறுகிறது?
– ஆசிரியப் பயிற்சி மாணவர், தஞ்சாவூர்

ப: இல்லை. ஒன்று மற்றதற்குள் அடங்கவும் இல்லை. இந்த இதழின் கேள்விகளிலேயே எங்களுக்குப் பிடித்தது இதுதான்.

டிரிஷ்லே சார்புக்குத் திரும்புவோம். அது பூச்சியச் சார்போடு ஏறத்தாழ எங்கும் சமம், பூச்சியச் சார்பு தொடர்ச்சியானது. ஆனால் டிரிஷ்லே சார்பு ஒரு புள்ளியில்கூடத் தொடர்ச்சியானது அல்ல. எந்தப் புள்ளியின் பக்கத்திலும் விகிதமுறு எண்ணும் இருக்கிறது, விகிதமுறா எண்ணும் இருக்கிறது. இரண்டாவது பண்பு உண்டு, முதலாவது இல்லை.

இனிப் படிச் சார்பு: 0-க்கு இடப்புறம் 0, 0-விலும் வலப்புறமும் 1. ஒரே ஒரு புள்ளியைத் தவிர எங்கும் தொடர்ச்சியானது. இதோடு ஏறத்தாழ எங்கும் சமமான தொடர்ச்சியான ஜி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 0-க்கு வலப்பக்கம் எவ்வளவு சிறிய இடைவெளி எடுத்தாலும் அதற்கு நீளம் உண்டு. ஜி வேறுபடும் இடத்துக்கு நீளம் இல்லை. ஆகவே அந்த இடைவெளிக்குள் ஜி-க்கு 1 என்ற மதிப்பு எங்காவது கிடைத்தே தீரும். இடைவெளியைச் சுருக்கிக்கொண்டே போனால் 0-இல் ஜி-இன் மதிப்பு 1. இடப்பக்கம் இதையே செய்தால் 0. முரண். முதல் பண்பு உண்டு, இரண்டாவது இல்லை.

சமான வகுப்புக்குப் பொருத்தமானது இரண்டாவது பண்பு மட்டும்தான். “இந்த வகுப்புக்குத் தொடர்ச்சியான பிரதிநிதி உண்டு” என்று சொல்வது பிசகில்லாத வாசகம். லெபேக் அளவையில் அப்படிப்பட்ட பிரதிநிதி இருந்தால் ஒன்றுதான் இருக்கும், அதனால் அப்போது மட்டும் புள்ளியில் மதிப்பு கேட்கலாம். முதல் பண்பு வேறு ஊர்க்காரர்: மூடிய இடைவெளியில் வரம்புடைய சார்பு ரீமான் முறையில் தொகையிடத்தக்கதா என்று சோதிக்க உதவுவது அது.

கே: ரீமான் தொகையீட்டை வைத்தே இந்த வெளிகளை அமைத்திருக்கக் கூடாதா? டிரிஷ்லே சார்பு ரீமான் முறையில் தொகையிடத்தக்கது அல்ல என்பதால்தான் முழுமை கெடுகிறது என்று ஒரு குறிப்பேட்டில் படித்தேன்.
– தகுதித் தேர்வுக்குப் படிப்பவர், புதுச்சேரி

ப: முடிவு சரி, காரணம் தவறு. (இங்கே முழுமை என்பது மேலே சொன்ன அளவையின் முழுமை அல்ல. உறுப்புகள் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டே போகும் தொடர்முறைக்கு, அதாவது கோஷி தொடர்முறைக்கு, வெளிக்குள்ளேயே எல்லை இருப்பது.) இந்தத் தவறு பல குறிப்பேடுகளில் ஊர்கிறது.

விகிதமுறு எண்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் கிடைக்கும் சார்புகள் ரீமான் முறையில் தொகையிடத்தக்கவை, புள்ளிக்குப் புள்ளி அவை டிரிஷ்லே சார்பை நெருங்குகின்றன என்பதெல்லாம் உண்மை. ஆனால் எல்-1 நார்மில் அவை ஒவ்வொன்றும் பூச்சியச் சார்புதான். எல்லையும் பூச்சியச் சார்புதான். பூச்சியச் சார்பு ரீமானுக்கு நல்ல பிள்ளை. எதுவும் கெடவில்லை.

நிஜமாகக் கெடுக்கும் எடுத்துக்காட்டு இது. முதல் விகிதமுறு எண்ணைச் சுற்றி 1/4 நீளத் திறந்த இடைவெளி, இரண்டாவதைச் சுற்றி 1/8, மூன்றாவதைச் சுற்றி 1/16. எல்லாவற்றின் சேர்ப்பை யு என்போம். அதன் அளவை 1/2-ஐத் தாண்டாது. ஆகவே [0, 1]-இல் குறைந்தது பாதி அளவை யு-வுக்கு வெளியே. முதல் என் இடைவெளிகளின் சேர்ப்பில் 1, மற்ற இடங்களில் 0 என்ற சார்புகள் ரீமானுக்கு உட்பட்டவை. எல்-1-இல் அவை கோஷி தொடர்முறை, எல்லை யு-இல் 1, வெளியே 0 என்ற சார்பு. இதோடு ஏறத்தாழ எங்கும் சமமான ரீமான் சார்பு ஜி இருந்தால், அது ஏறத்தாழ எங்கும் தொடர்ச்சியானதாக இருக்க வேண்டும். அப்படியானால் யு-வுக்கு வெளியே, ஜி தொடர்ச்சியாகவும் 0 மதிப்போடும் இருக்கும் ஒரு புள்ளி கிடைக்கும். ஆனால் அந்தப் புள்ளியின் எந்தச் சுற்றுப்புறத்திலும் யு-இன் துண்டு ஒன்று நீளத்தோடு இருக்கிறது, அங்கே ஜி-க்கு 1 வருகிறது. தொடர்ச்சி உடைந்தது. வகுப்பு எடுத்த பிறகும் தப்பிக்க முடியாத ஓட்டை இது.

லெபேக் 1902 ஆய்வேட்டில் தந்த தொகையீடு இந்த ஓட்டையை அடைத்தது. எல்-2 முழுமையானது என்பது 1907-இல் ரீஸ், ஃபிஷர் இருவரும் தனித்தனியே கண்டது. 1910-இல் ரீஸ் மற்ற பி-க்களுக்கும் போனார்.

நிரூபணத்தின் உயிர்நாடி ஒரே உத்தி: கோஷி தொடர்முறையிலிருந்து, அடுத்தடுத்த உறுப்புகளின் தூரம் 1/2, 1/4, 1/8-க்குக் குறைவாக வரும்படி ஓர் உள்தொடர்முறையைப் பொறுக்கிக்கொள்வது. பொறுக்கியது ஏறத்தாழ எங்கும் ஒருங்கும். முழுத் தொடர்முறையும் புள்ளிக்குப் புள்ளி ஒருங்கும் என்று எழுதிவிடாதீர்கள். அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். [0, 1]-ஐ முதலில் முழுதாக, பிறகு 2 பாதிகளாக, பிறகு 4 கால்களாக, 8 அரைக்கால்களாக எடுத்து, ஒவ்வொரு துண்டிலும் 1, வெளியே 0 என்று வரிசையாகச் சார்புகளை எழுதுங்கள். பத்தாவது சார்பு 2/8 முதல் 3/8 வரை 1, அதன் எல்-1 நார்ம் 1/8. நார்ம் பூச்சியத்தை நோக்கிப் போகிறது. ஆனால் எந்தப் புள்ளியில் நின்று பார்த்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை 1 வந்து போகிறது, ஓய்வதே இல்லை. ஒவ்வொரு சுற்றின் முதல் துண்டை மட்டும் பொறுக்கினால் 0 என்ற புள்ளியைத் தவிர எங்கும் அமைதி.

எதிர்த்திசையும் பொய்க்கும். 0 முதல் 1/என் வரை மதிப்பு என், வெளியே 0: 0-வைத் தவிர எல்லாப் புள்ளிகளிலும் எல்லை 0, எல்-1 நார்மோ எப்போதும் 1.

கே: சி-0 என்ற குறியீட்டுக்கு இரண்டு நூல்களில் இரண்டு பொருள். கூடவே ‘உள்ளூர் அளவில் தொகையிடத்தக்கது’ என்பதையும் விளக்க முடியுமா?
– ஆய்வு மாணவர், காரைக்குடி

ப: சார்புப் பகுப்பாய்வு நூல்களில் சி-0 என்றால் முடிவிலியை நோக்கிப் போகும்போது பூச்சியத்துக்குத் தேயும் தொடர்ச்சியான சார்புகள். பகுதி வகைக்கெழுச் சமன்பாட்டு நூல்கள் பலவற்றில் அதே சி-0, ஒரு கச்சிதக் கணத்துக்கு (மெய்க்கோட்டில், மூடிய வரம்புடைய கணத்துக்கு) வெளியே முற்றிலும் பூச்சியமாகிவிடும் சார்புகளைக் குறிக்கும். 1/(1 + எக்ஸ் வர்க்கம்) முதல் பொருளில் உள்ளே, இரண்டாம் பொருளில் வெளியே. சைன் சார்பு இரண்டிலும் வெளியே. இந்த இரண்டாம் வகையை, அதாவது கச்சிதத் தாங்கியுள்ளவற்றை, சி-சி என்று எழுதும் வழக்கம்தான் எங்களுக்கு உவப்பு. மெய்க்கோட்டில் லெபேக் அளவையில், முடிவுறு பி-க்கு அவை எல்-பி-இல் அடர்த்தியானவை, அதாவது அவற்றைக் கொண்டு எந்த உறுப்பையும் எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கலாம். எல்-முடிவிலியில் அல்ல. அங்கே அவற்றின் எல்லைகளாகக் கிடைப்பது முதல் பொருளில் உள்ள சி-0 மட்டுமே, 1 என்ற மாறிலிச் சார்பைக்கூட எட்ட முடியாது.

உள்ளூர்த் தொகையீட்டுக்கு வருவோம். ஒரு திறந்த கணத்தின் ஒவ்வொரு கச்சித உட்கணத்திலும் |எஃப்|-இன் தொகையீடு முடிவுறுவாக இருந்தால் எஃப் அந்தத் திறந்த கணத்தில் உள்ளூர் அளவில் தொகையிடத்தக்கது. ‘அந்தத் திறந்த கணத்தில்’ என்ற சொற்களை விட்டுவிட்டால் வாசகம் பொருளற்றுப்போகும். 1/எக்ஸ் என்பது 0-க்கு மேற்பட்ட எண்களின் கணத்தில் உள்ளூர் அளவில் தொகையிடத்தக்கது. அங்குள்ள எந்தக் கச்சிதக் கணமும் 0-விலிருந்து சற்றுத் தள்ளியே தொடங்கும், ஏ முதல் பி வரை தொகையீடு பி/ஏ-இன் மடக்கை (பி இங்கே இடைவெளியின் வலமுனை). அதையே எதிர்ப்பக்கம் 0 என்று நீட்டி முழு மெய்க்கோட்டிலும் வைத்துப் பாருங்கள். –1 முதல் 1 வரை என்ற கச்சிதக் கணம் 0-ஐ விழுங்கிக்கொண்டு நிற்கிறது, தொகையீடு விரிந்துவிடுகிறது. |எக்ஸ்|-இன் இயல் மடக்கை முழுக்கோட்டிலும் தேறும். 0-வை நெருங்கும்போது அதுவும் எதிர் முடிவிலிக்குத்தான் பாய்கிறது, ஆனால் 0 முதல் 1 வரை அதன் தனி மதிப்பின் தொகையீடு சரியாக 1.